புறா வராத ஜன்னல்

அத்தியாயம் 14

வாரம் ஒன்று ஓடிவிட்டது. சாவியம்மா வீட்டில் மட்டும் எதுவும் ஓடவில்லை. அடுப்பு எரிந்தது, குழாயில் தண்ணீர் வந்தது, சாப்பிட்டார்கள், படுத்தார்கள். அதையெல்லாம் ஓடுவது என்று சொல்ல முடியுமா?

போன வாரம் எங்கே விட்டோம்? வாடகை வீட்டு மாடிக்குப் போலீஸ் போட்ட பூட்டைப் போலீஸே வந்து கழற்றிவிட்டுப் போனது. செத்துப்போன பெண்ணின் சாமான்களை அவளுடைய அப்பா வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். அவர் இன்றைக்கு வருகிறார்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விரிவாகச் சொல்ல எனக்கே மனசு தாங்காது.

சாவியம்மாவின் மகன் போன் கடை வைத்திருக்கிறான். இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய மாடிவீட்டைக் கடன் போட்டு வாங்கினான். "நாம தூங்கினாலும் வீடு சம்பாதிக்கும்மா" என்றான். இப்போது அந்தக் குடும்பத்தில் ஒருத்தரும் தூங்குவதில்லை. கீழ்ப்பகுதியில் இருந்தவர்கள் இது நடந்த மூன்றாம் நாளே காலி செய்துகொண்டு போய்விட்டார்கள். வேறு ஆள் பார்த்துத் தரச் சொன்னால், "சாவு விழுந்த வீட்டுக்கு யாரு சார் வருவா?" என்று புரோக்கர் முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டான். மாசாமாசம் தவணை மட்டும் தவறாமல் கழுத்தைப் பிடிக்கிறது.

மாடியில் இருந்தவள் கண்ணாடிக்கடையில் வேலை பார்த்த பெண். கடைக்கு வருகிறவர்களுக்குக் கண் பரிசோதித்துச் சீட்டு எழுதித் தருவாள். வாடகை வாங்குவது, பைப் ஒழுகினால் ஆள் கூப்பிடுவது எல்லாம் மகன் அம்மாவிடம் விட்டிருந்த வேலை. எந்நேரமும் இடுப்பில் சாவிக்கொத்து. "சாவியம்மா" என்று பேர் வைத்ததே அந்தப் பெண்தான். அப்புறம் தெருவே அந்தப் பேரைப் பிடித்துக்கொண்டது.

மாடிக் குளியலறையில் கேஸ் ஹீட்டர். மாட்ட வந்தவன், "இதை வெளியே பால்கனியிலதான் மாட்டணும். குளிக்கிற ரூமுக்குள்ள கூடாது" என்று சொன்னான். வெளியே மாட்டினால் சுவரை உடைக்க வேண்டும், நீளமாகப் பைப் இழுக்க வேண்டும். "அதான் மேல ஜன்னல் இருக்கே, உள்ளேயே மாட்டு" என்றான் மகன்.

அந்த ஜன்னல் வழியாகப் புறா வந்தது. பெண்ணுக்குப் புறா என்றால் குலைநடுக்கம். சாவியம்மாவின் வீட்டுக்காரர் ஒரு பலகை செய்து ஜன்னலை அடைத்தார். அவர் மர வேலை மேஸ்திரி. ஒரு மில்லிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் ராத்திரித் தூக்கம் வராது. அதனால் மில்லி மேஸ்திரி.

ஹீட்டர் உள்ளே எரிந்து, ஜன்னலும் அடைபட்டுவிட்டால் விஷக்காற்று சேரும். அதற்கு வாசனை கிடையாது, புகையும் கிடையாது. ஒரு விடுமுறை நாள் காலையில் தலைக்குக் குளிக்கப் போன பெண் வெளியே வரவில்லை.

யார் ஜன்னலை அடைத்தது என்று போலீஸ் கேட்டபோது மகனுக்கு நிஜமாகவே தெரியாது. "அந்தப் பொண்ணுதான் அடைச்சிருக்கும் சார்" என்று சொல்லிக் கையெழுத்தும் போட்டுவிட்டான். வீட்டுக்கு வந்த பிறகுதான் அப்பா செய்தது தெரிந்தது. அவர் காலைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, வாயைத் திறந்துடாதீங்க. திறந்தா நாம ரெண்டு பேருமே உள்ளதான்" என்று அழுதான்.

மேஸ்திரிக்கு எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது. வாயைத் திறக்காதே என்று மகன் சொன்னான், அவர் திறக்கவே இல்லை. அன்றைக்குப் பேச்சை நிறுத்தியவர்தான். சாப்பாடு போதுமா என்று கேட்டால்கூடக் கையைத்தான் காட்டுகிறார்.

* * *

காலையில் சாவியம்மா பின்பக்கம் போனபோது பட்டறைக் கொட்டகையில் மேஸ்திரி உட்கார்ந்திருந்தார். குளித்து, தலை வாரி, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கல்யாண வீட்டுக்குப் போக மட்டும் எடுக்கிற சட்டை அது. தினமும் காலையில் அதை மாட்டிக்கொண்டு இங்கே வந்து உட்கார்ந்துவிடுகிறார். சாயங்காலம் கழற்றித் துவைத்துக் காயப்போடுகிறார். உளி, இழைப்புளி எதையும் தொடுவதில்லை.

"என்னங்க, இன்னிக்கு அந்தப் பொண்ணோட அப்பா வர்றார்" என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"சாமான் எடுக்க. நான் போய்ச் சாவி குடுத்துட்டு வந்துடறேன்."

அவர் கையைச் சட்டைப் பொத்தான்மேல் வைத்துச் சரிபார்த்துக்கொண்டார். பொத்தான் சரியாகத்தான் இருந்தது. மனுஷனுக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று அவள் பயந்தாள். முப்பத்தைந்து வருஷமாக வாய் ஓயாமல் குறை சொல்லிக்கொண்டிருந்த மனுஷன். கதவு சரியில்லை, கட்டில் சரியில்லை, நீ துணி மடிக்கிறது சரியில்லை. ஒரு நாளாவது சும்மா இருக்க மாட்டாரா என்று அவள்தான் வேண்டிக்கொண்டிருந்தாள். இப்போது, ஏதாவது ஒரு குறை சொல்லுங்களேன் என்று கெஞ்ச வேண்டும்போல் இருந்தது.

உள்ளே மகன் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்திருந்தான். வக்கீல் பேசிக்கொண்டிருந்தார்.

"அம்மா வந்துட்டாங்களா? அம்மா, நல்லாக் கேட்டுக்குங்க. சாவி குடுக்கறீங்க, சாமான் எடுத்ததுக்குக் கையெழுத்து வாங்கறீங்க, வந்துடறீங்க. ஹீட்டர், ஜன்னல், பலகை, எதைப் பத்திக் கேட்டாலும் 'கேஸ் நடக்குது, எனக்குத் தெரியாது'. அவ்வளவுதான்."

"செத்த வீட்டுக்காரங்ககிட்ட எப்படிங்க அப்படிப் பேசறது?"

"வருத்தமா இருக்குன்னு சொல்லுங்க, தப்பில்லை. மன்னிச்சிடுங்கன்னு மட்டும் வாயில வரக் கூடாது. அந்த வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டு நாளைக்கு எதிர்க்கட்சி வக்கீல் என்னைப் பிழிஞ்சு காயப்போட்டுடுவான்."

"அந்தப் பொண்ணு தானா அடைக்கலையே..."

"அம்மா!" வக்கீல் குரல் சட்டென்று இறுகியது. "இதை என்கிட்டயே சொல்லாதீங்க. எனக்குத் தெரியவே வேண்டாம். வாடகை ஒப்பந்தத்துல என்ன இருக்கு? குடியிருக்கறவங்க கட்டடத்துல எந்த மாத்தமும் செய்யக் கூடாது. செஞ்சது அவங்க, மீறினதும் அவங்க. ஹீட்டரை உள்ள மாட்டினது உங்க பையனோட தப்புதான், இல்லைன்னு சொல்ல முடியாது. ஆனா ஜன்னல் திறந்திருந்தா யாருக்கும் ஒண்ணும் ஆயிருக்காதுன்னு நான் வாதாடலாம். அந்தப் பலகைதான் உங்க பையனைக் காப்பாத்தற பலகை. அதைக் கைவிட்டுட்டா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

போனை அணைத்தான் மகன். அவனுக்குக் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. வீட்டு இன்ஷூரன்ஸ்காரனும் நேற்றுக் கைவிரித்துவிட்டான். விதிக்கு மாறாக உள்ளே மாட்டின ஹீட்டருக்கு அவர்கள் பொறுப்பில்லையாம்.

"அம்மா, உன் மருமகளுக்கு ஏழாம் மாசம்" என்றான். "குழந்தை பிறக்கறப்போ நான் எங்க இருக்கணும்னு நீ நினைக்கறே?"

"அதை ஏண்டா என்கிட்ட கேக்கறே?"

"நீ வாயைக் குடுத்துடுவியோன்னு பயமா இருக்கும்மா. உனக்கு மனசு இளகின மனசு. இன்னிக்கு ஒரு நாள் கல்லா இரு. எனக்காக."

பெற்ற பிள்ளை அப்படிக் கேட்டால் எந்தத் தாய்தான் முடியாது என்பாள்? "சரி" என்றாள். சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு செருப்பைத் தேடினாள். ஒரு செருப்பு காலடியிலேயே இருந்தது. அது தெரியாமல் வீடு முழுக்கத் தேடினாள்.

* * *

வாடகை வீட்டு வாசலில் ஒரு சின்ன வேன் நின்றிருந்தது. பக்கத்தில் ஒருவர். வெளியூர் பஸ் ஓட்டுகிறவர். பெண் அடிக்கடி சொல்லுவாள், "எங்க அப்பா டிரைவர் சாவியம்மா, வீட்டுல இருக்கறதை விட பஸ்லதான் அதிகம் இருப்பார்" என்று. கண் சிவந்து, முகத்தில் பத்து நாள் தாடி.

கத்துவார், சாபம் விடுவார், கையில் கிடைத்ததை எடுத்து அடித்தாலும் அடிப்பார் என்று சாவியம்மா வழியெல்லாம் தன்னைத் தயார்ப்படுத்திக்கொண்டு வந்திருந்தாள்.

"வாங்கம்மா" என்றார் அவர். "ரொம்ப நேரமா நிக்க வெச்சுட்டேனா?"

காத்துக்கொண்டு நின்றதே அவர்தான். சாவியம்மா அவர் முகத்தைப் பார்க்காமல், கொத்திலிருந்து மாடிச் சாவியைக் கழற்றினாள்.

பின்னாலேயே வண்டியில் வந்த மகன் அதை வாங்கி மாடிக் கதவைத் திறந்துவிட்டு ஓரமாக நின்றுகொண்டான். அவர் செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே போனார். ஒரே அறை, ஓரத்தில் சமையல் மேடை, அதைத் தாண்டிக் குளியலறை. கட்டில்மேல் மடித்து வைத்த துணிகள் மடித்தபடியே இருந்தன. அவர் ஒவ்வொன்றாக எடுத்து அட்டைப்பெட்டியில் அடுக்கினார். கசங்காமல் அடுக்கினார். இனிமேல் அவற்றை யார் உடுத்தப் போகிறார்கள்?

ஜன்னலோரம் எழுத்துகள் பெரிதிலிருந்து சிறிதாக இறங்குகிற கண் பரிசோதனை அட்டை ஒன்று மாட்டியிருந்தது. இந்த அட்டையைக் காட்டித்தான் அந்தப் பெண் சாவியம்மாவுக்குக் கண்ணாடி எழுதித் தந்தாள். "கடைசி வரி தெரியுதா? தெரியாதா? பொய் சொல்லாதீங்க சாவியம்மா, மார்க்கு போட மாட்டேன்" என்று சிரித்தாள். அந்தக் கண்ணாடிதான் இப்போதும் சாவியம்மாவின் மூக்கில் இருக்கிறது.

"எடுத்துக்கலாமாம்மா? இல்லை, வீட்டோட சேர்ந்ததா?" என்று அட்டையைக் காட்டிக் கேட்டார் டிரைவர்.

"அவளோடதுதாங்க. எடுத்துக்குங்க."

கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியாமல் அவளும் பாத்திரங்களைப் பழைய துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தாள். மகன் இருமினான். வந்த வேலையை மட்டும் பார் என்று அர்த்தம். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

போன மாசம் வாடகை வாங்க வந்தபோது இதே மேடையில் சாய்ந்துகொண்டுதான் பெண் சொன்னாள், "குளிச்சுட்டு வந்தா தலை கிறுகிறுங்குது சாவியம்மா" என்று. "காலையில வயித்துல ஒண்ணும் போடாம ஓடினா அப்படித்தான் இருக்கும். ஒழுங்காச் சாப்பிடு" என்று இவள் அதட்டினாள். அக்கறையாகத்தான் அதட்டினாள். அந்த அக்கறை இப்போது நெஞ்சுக்குள் முள்ளாகக் குத்திக்கொண்டே இருக்கிறது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ஹீட்டரைத் திரும்பிப் பார்த்திருந்தால்?

எல்லாம் எடுத்தானதும் டிரைவர் குளியலறை வாசலில் போய் நின்றார். வாளி, சோப்பு டப்பா. ஹீட்டரைப் போலீஸ் கழற்றிக்கொண்டு போன இடத்தில் சுவரில் நான்கு ஓட்டைகள். பலகையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டதால் மேலே ஜன்னல் திறந்து கிடந்தது. அதில் ஒரு புறா நாலு சுள்ளியைப் போட்டு உட்கார்ந்திருந்தது. ஆளைப் பார்த்தும் பறக்கவில்லை. கழுத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, தன் பாட்டுக்கு இருந்தது.

"இதுதான் அந்த ஜன்னலா?"

சாவியம்மா தலையாட்டினாள்.

"ஸ்டேஷன்ல பலகையைக் காட்டினாங்கம்மா." டிரைவர் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "நாலு ஓரமும் ரப்பர் ஒட்டி, இழைச்சு, பெயின்ட் அடிச்சு... அவ்வளவு இறுக்கமா ஒரு பலகை. நான் என்ன சொல்றேன்னா, வெயிலுக்கு அடைக்கறவங்க ஒரு துணியைத் தொங்கவிடுவாங்க. மழைக்குன்னா ஒரு அட்டையைச் செருகுவாங்க. துளி காத்து வரக் கூடாதுன்னு யோசிச்சு யோசிச்சு அடைச்சிருக்கு. உங்க பையன், அவதான் அடைச்சான்னு எழுதிக் குடுத்திருக்கார்."

மகன் வாசலில் அசைந்தான். "ஐயா, கேஸ் நடக்குது. அதைப் பத்தி இப்போ..."

"தம்பி, நான் கேஸுக்காகக் கேக்கலை." அவர் குரல் உயரவில்லை. "அம்மா, அது நடக்கறதுக்கு முந்தின நாள் போன்ல அவளை நான் திட்டினேன். வேலையும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், ஊருக்கு வந்து சேருன்னு கத்தினேன். அவ பதிலே பேசாம வெச்சுட்டா. மறுநாள் இப்படி. பலகை விஷயம் தெரிஞ்சதிலேர்ந்து அவ அம்மா சாப்பிடறதில்லை. 'காத்து வரக் கூடாதுன்னே அடைச்சுக்கிட்டாளே, நீங்க திட்டினதுலதானே என் பொண்ணு போயிட்டா'ன்னு என்னைப் பார்த்துக் கேக்கறா. நான் என்ன பதில் சொல்லுவேன்?"

அவர் சாவியம்மாவை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க தினமும் அவளைப் பார்த்தவங்க. அவ உங்களைப் பத்தி நிறையச் சொல்லுவா. எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சா போதும். என் பொண்ணு சாகணும்னுதான் அதை அடைச்சாளா?"

ஐயோ, இதுவா? இப்படியும் ஒரு அர்த்தம் வருமா? வக்கீலும் நினைக்கவில்லை, மகனும் நினைக்கவில்லை. தன் பிள்ளையை ஒரு பலகையால் மறைத்துக்கொண்டதாக மட்டும்தான் சாவியம்மா நினைத்திருந்தாள். அந்தப் பலகையின் அந்தப் பக்கத்தில் ஒரு தாய் தன் பெண்ணே தன்னை விட்டுப் போய்விட்டாள் என்று நம்பிக்கொண்டு பட்டினி கிடக்கிறாள்.

"அம்மா." மகன் குரலில் கெஞ்சல். "அம்மா, வேண்டாம்."

அவள் மகனைப் பார்த்தாள். ஏழாம் மாசம், குழந்தை, ஜெயில் எல்லாம் அவன் முகத்தில் தெரிந்தது. ஆனாலும் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"இல்லைங்க. அவ அடைக்கவே இல்லை. அதைச் செஞ்சது என் வீட்டுக்காரர்."

புறா மட்டும் தொண்டைக்குள் முனகியது.

"புறா வருதுன்னு பயந்தா. குளிக்கப் போறதுக்கு முன்னாடி குச்சியால கதவைத் தட்டித் தட்டிப் போவா. 'சாவியம்மா, மில்லி மாமாகிட்ட சொல்லி ஏதாவது செய்யுங்களேன்'னு என்கிட்டதான் கேட்டா. நான்தான் அவர்கிட்ட சொன்னேன். அவருக்கு எது செஞ்சாலும் அப்படித்தாங்க. ஒரு நூல் இடைவெளி இருந்தா அவருக்குத் தாங்காது. முக்காலியை நான் பிடிச்சுக்கிட்டேன், அவர் ஏறி மாட்டினார். மாட்டிட்டு ஒரு நெருப்புக்குச்சியைக் கிழிச்சு ஓரத்துல காட்டினார். 'பாரும்மா, காத்துல ஆடுதா?'ன்னு கேட்டார். ஆடவே இல்லை. நேரா நின்னு எரிஞ்சது. எங்க மூணு பேருக்கும் ஒண்ணும் தோணலைங்க. பாவிங்க, எங்களுக்கு ஒண்ணும் தோணலை. நீங்க எங்களை மன்னிச்சிடுங்க."

சொல்லக் கூடாத வார்த்தையும் வந்துவிட்டது.

மகன் திரும்பினான். தடதடவென்று படியிறங்கினான். கீழே அவனுடைய வண்டி உறுமிக் கிளம்பும் சத்தம் கேட்டது.

டிரைவர் மேலே ஜன்னலைப் பார்த்தார். "சின்னப் பிள்ளையில கோழியைப் பார்த்தாலே என் கழுத்துல ஏறி உக்காந்துக்குவா" என்றார். சொல்லும்போது சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. அது பாதியிலேயே உடைந்து, முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டு குலுங்கினார்.

கொஞ்சம் தெளிந்ததும் போனை எடுத்து வீட்டுக்குப் போட்டார். "நான்தான். கேளு. அவ அப்படிச் செய்யலையாம். இல்லையாம். புறாவுக்குப் பயந்து... நான் சொன்னா நம்ப மாட்டே, இரு." போனைச் சாவியம்மாவிடம் நீட்டினார். "அவகிட்ட நீங்களே சொல்லிடுங்கம்மா."

அவள் போனை வாங்கிக் காதில் வைத்தாள். "நான்... சாவியம்மா பேசறேன்."

"தெரியும்க்கா." அந்தப் பக்கம் குரல் கரகரத்துப் போயிருந்தது. "உங்க பேரைச் சொல்லாம ஒரு நாளும் போனை வைக்க மாட்டா. சொல்லுங்க."

சாவியம்மா எல்லாவற்றையும் மறுபடியும் சொன்னாள். புறா, பலகை, முக்காலி, நெருப்புக்குச்சி. கடைசியில் ஒரு கேள்வி மட்டும் வந்தது.

"அந்தப் பலகை மாட்டினப்போ, அவ எப்படி இருந்தாக்கா?"

"சிரிச்சுக்கிட்டே இருந்தா. மாட்டி முடிச்சதும் கைதட்டினா. 'இனிமே ராஜாத்தி மாதிரி குளிப்பேன்'னு சொன்னா."

அதற்கப்புறம்தான் அந்தத் தாய் வாய்விட்டு அழுதாள். பத்து நாளாக வராத அழுகை. சாவியம்மாவும் சுவரில் சாய்ந்துகொண்டு, போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கூடவே அழுதாள்.

போனை வாங்கிக்கொண்டு டிரைவர் எழுந்தார். முகத்தைத் துடைத்தார். இப்போது அந்த முகம் வேறாக இருந்தது.

"நல்லது சொன்னீங்கம்மா. என் வீட்டுல இன்னிக்கு ஒரு வாய் சோறு இறங்கும். ஆனா ஒண்ணு. என் பொண்ணைக் கொன்னது உங்க வீடு. அதை இல்லைன்னு சொல்ல முடியாது. அவ மேல பழியைப் போட்டதை நான் விட மாட்டேன். இங்கேர்ந்து நேரா ஸ்டேஷனுக்குத்தான் போறேன்."

"போங்க" என்றாள்.

அவர் ஒரு பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்தார். வாசலில் நின்று, திரும்பாமலே சொன்னார்.

"நானா போய்ச் சொல்றதுக்கும், நீங்களா வந்து சொல்றதுக்கும் வித்தியாசம் இருக்கு. எனக்குச் சட்டம் தெரியாது, ஆனா அது தெரியும். இதையெல்லாம் வேன்ல ஏத்த எனக்கு நேரமாகும். நான் மெதுவாத்தான் ஏத்துவேன்."

* * *

சாவியம்மா ஓடினாள். அந்த வயசில், மூட்டு வலிக்கிற காலோடு, தெருவே பார்க்க ஓடினாள். இடுப்பில் சாவிக்கொத்து குலுங்கிக் குலுங்கி அவளைக் காட்டிக்கொடுத்தது.

கொட்டகையில் மேஸ்திரி காலையில் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை. தலை வாரியிருந்தது. காலில் செருப்பு.

காலையில் அந்தச் செருப்பு அவள் கண்ணில் படவில்லை. இப்போது பட்டது. கொட்டகைக்குள் செருப்புப் போட்டு அவர் முன்பெல்லாம் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. மனுஷனுக்குப் புத்தி பேதலிக்கவில்லை. தினமும் காலையில் போலீஸ் வந்து கூப்பிடும் என்று புறப்பட்டு உட்கார்ந்திருக்கிறார். தானாகப் போனால் மகன் சொன்னதை மீறியதாகிவிடும். யாராவது வந்து கேட்டால் சொல்லிவிடலாம் என்று காத்துக்கொண்டிருந்திருக்கிறார். ஒருத்தரும் வந்து கேட்கவில்லை.

"சொல்லிட்டேங்க" என்றாள், மூச்சிரைக்க. "அந்தப் பொண்ணு தானா செத்துட்டான்னு அவ அம்மா பட்டினி கிடக்கறாங்க. என்னால முடியலை. சொல்லிட்டேன். நாமளும் இப்போவே ஸ்டேஷனுக்குப் போயாகணும்."

மேஸ்திரி அவளைப் பார்த்தார். உதடு பிரிந்தது. பேசிப் பழக்கம் விட்டுப்போன குரல், காறிக்கொண்டு வெளியே வந்தது.

"நெருப்பு ஆடலை."

"என்னங்க?"

"ஆடாம நேரா நின்னுச்சு. நான் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். வேலை தெரிஞ்சவன் அங்கேயே பயந்திருக்கணும். நான் சந்தோஷப்பட்டேன்."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமான புதிதில் பிடித்தது, அப்புறம் எப்போது பிடித்தாள் என்று ஞாபகமில்லை. மர வேலை செய்து செய்து காய்த்துப்போன கை.

"வா" என்று எழுந்தார்.

வெளிக்கேட்டுக்குக் குறுக்கே வண்டியை நிறுத்தி மகன் உட்கார்ந்திருந்தான். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. வக்கீல் வீடுவரை போய்த் திரும்பினானோ, தெருமுனைவரைதான் போனானோ, தெரியவில்லை. கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. இரண்டு பேரையும் பார்த்தான். அப்பாவின் வெள்ளைச் சட்டையைப் பார்த்தான்.

"அப்பா" என்றான்.

"நீ தெரியாமக் கையெழுத்துப் போட்டே" என்றார் மேஸ்திரி. "தெரிஞ்சப்புறமும் உன்னை அப்படியே விட்டது நான். வழி விடு. இல்லைன்னா நீயும் வா."

தன் அப்பாவின் குரலைக் கேட்டு மகன் அதிர்ந்துபோய் உட்கார்ந்திருந்தான். கை ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்திருந்தது. அவன் வண்டியை நகர்த்தவும் இல்லை, எஞ்சினை அணைக்கவும் இல்லை.

இரண்டு தெரு தள்ளி, அந்த வேனின் பின்கதவை இழுத்துச் சாத்தும் சத்தம் சாவியம்மாவுக்குக் கேட்டது.